ஹைலேண்ட் கேம்ஸில் இறங்கலாமா, இடுப்பு தாங்குமா?

கேள்வி: டாக்டர் சார், வணக்கம். வயது 36. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நாலு வருடமாக ஸ்காட்லாந்தில், இன்வர்னெஸ்ஸில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் நாலு நாள் ஜிம். டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடைக்கம்பியைப் பிடித்து நிமிர்வது) 150 கிலோ வரை தூக்குவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டேன். ஊருக்கு வந்தபோது ஸ்கேன் எடுத்தார்கள். கீழ் முதுகில் ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது வலி இல்லை.

கூட வேலை பார்க்கும் ஒருவர், இங்கத்துப் பாரம்பரிய விளையாட்டுத் திருவிழாவான ஹைலேண்ட் கேம்ஸில் கனமான பொருட்களை எறியும் போட்டிகளில் இறங்குகிறவர். இன்னும் ஏழு வாரத்தில் பக்கத்து ஊர் கேம்ஸில் புதியவர்களுக்கென்று ஒரு பிரிவு வைக்கிறார்கள், வா என்கிறார். எங்கள் தாத்தா இளவட்டக்கல் தூக்கியவர் என்று ஒருநாள் வாய்விட்டுவிட்டேன், அதிலிருந்து ஆள் என்னை விடுவதாக இல்லை. ஆனால் என் மனைவிக்கு அந்த மரத்தூணைத் தூக்கி எறிவதைப் பார்த்தாலே பயம். தோளில் விழுந்தால் என்ன ஆகும், இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டால் பிள்ளையை யார் தூக்குவது என்கிறாள். இறங்கலாமா? எதில் அடிபடும்? கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்களின் கட்டம் போட்ட பாவாடை) கட்டியே ஆக வேண்டுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

நான் டாக்டர் இல்லை, பிசியோ, அதாவது பிசியோதெரபிஸ்ட். வாரம் பத்துக் கடிதமாவது "டாக்டர் சார்" என்றுதான் வருகிறது, திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. இருந்தாலும் உங்கள் கேள்விக்கு இது முக்கியம். ஸ்கேன் தாளைப் பார்த்து "எறியாதே" என்றோ "எறி" என்றோ என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. உங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்த ஒருவர் அங்கேயே வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் சில வருடங்கள் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தவன். மூன்று கோடைகளில் கேம்ஸ் மைதானத்து முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நடனமாடும் பிள்ளைகள், கணுக்கால் பிசகி வருவார்கள். மிச்சம் மலையேறும் ஓட்டத்தில் விழுந்தவர்கள், குளவி கொட்டியவர்கள், மதியத்துக்கு மேல் பீர் கூடாரத்திலிருந்து வருகிறவர்கள். கனமான பொருட்களை எறிகிற பெரிய ஆட்கள் அபூர்வமாகத்தான் வருவார்கள். மரம் மேலே விழுந்து நசுங்கி வந்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. முழங்கை மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வயதுதான், நல்ல ஜிம் உடம்பு. அதுதான் அவருக்கு முதல் கேம்ஸ். காலையில் 28 பவுண்டு எடையை நன்றாகவே வீசியிருக்கிறார். மதியம் தூறல், குளிர். 56 பவுண்டு வந்தபோது, சுற்றி வரும் அந்த இரும்பு கையை இழுப்பது பிடிக்காமல் முழங்கையை மடக்கி அதைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார், பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்கிறது. கூடாரத்துக்கு வந்தபோது பெரிய வலி கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தார். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தால் புஜத்து உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஒரு விரற்கடை மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. பைசெப்ஸ் தசையை முழங்கைக்குக் கீழே எலும்போடு கட்டும் தசைநாண் அறுந்துவிட்டது. கூடாரத்தில் அதற்கு மருந்து கிடையாது. அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டியதுதான்.

உங்களுக்கும் நான் முதலில் பயப்படுவது அதற்குத்தான். மனைவி பயப்படும் மரம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இறங்கலாமா என்றால், இறங்கலாம். ஆனால் 150 கிலோ தூக்குகிற தைரியத்தோடு இறங்கினால் அந்தத் தைரியம்தான் உங்களைக் காயப்படுத்தும். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும்.

தூர எறிதலுக்கான சின்ன எடை 28 பவுண்டு, அதாவது 12.7 கிலோ. பெரியது 56 பவுண்டு, 25.4 கிலோ. இந்த எண்கள் பழைய எடைக்கல் கணக்கிலிருந்து வந்தவை. 112 பவுண்டு ஒரு ஹண்ட்ரெட்வெயிட். இலங்கைத் தமிழர் அந்தர் என்பார்களே, அதேதான். ஆக நீங்கள் எறியப்போவது கால் அந்தரும் அரை அந்தரும். இரும்புக் குண்டு, சின்னச் சங்கிலி, வளையப் பிடி. ஒரே கையில் பிடித்து, ஒன்பது அடி நீளமுள்ள இடத்துக்குள் உடம்போடு சுழன்று வீச வேண்டும். ஜிம்மில் 12 கிலோ டம்பெல்லை நீங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டீர்கள். ஆனால் இது சுழல்கிறது. புதியவர் ஒருவர் இதைப் பத்து மீட்டர் போல வீசுகிறார் என்று வையுங்கள். கைவிடும் நேரத்தில் குண்டின் வேகம் நொடிக்கு ஒன்பது மீட்டர் வாக்கில் இருக்கும். அது சுற்றும் வட்டத்தின் ஆரம் 1.2 மீட்டர் என்று கொண்டால், அந்தக் கடைசிச் சுற்றில் குண்டு உங்களை வெளியே இழுக்கும் விசை 85 கிலோவைத் தொடும். ஒற்றைக் கையில், மூன்று நாலு விரல்களில், உடம்பு முறுக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற நேரத்தில் 85 கிலோ!

அந்த இழுப்பைக் கை நேராக இருந்தால் தாங்கிவிடும். கை அப்போது ஒரு கயிறு மாதிரி, விசை தோளின் வழியாக முதுகுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடும். முழங்கை மடங்கிவிட்டால் மொத்தமும் பைசெப்ஸ் தலையில் விழும். மடங்கிய கையை வெளியிலிருந்து ஒரு விசை வலுக்கட்டாயமாக நீட்டும்போதுதான் அந்த நாண் அறுகிறது. பலம் குறைந்தவன் இழுத்துப் பார்க்கவே மாட்டான், முடியாது என்று தெரியும். பலசாலி இழுத்துப் பார்ப்பான். நான் பார்த்த முழங்கைகள் எல்லாம் பலசாலிகளுடையவை.

இன்னொன்றும் உண்டு. ஜிம்மில் தசை சில வாரங்களிலேயே பலம் கூட்டிவிடும். நாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். உங்கள் நாண்கள் மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கும் பாரத்துக்குப் பழகியவை. வெடுக்கென்று வரும் இழுப்பு அவற்றுக்குப் புதிது. டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கையை உங்கள் பக்கமும் மற்றதை வெளிப்பக்கமும் வைத்துப் பிடிக்கிறீர்களா? வெளியே பார்க்கும் கையில் இதே நாண் அறுந்த ஆட்கள் ஜிம்களிலும் உண்டு. அப்படிப் பிடிப்பவராக இருந்தால் இந்த ஏழு வாரமும் அதை நிறுத்திவிடுங்கள்.

இனி மரத்துக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் அதுதானே பேச்சு. கேபர் என்பது கிளை சீவிய ஒரு முழு மரம். பிரேமார் என்ற ஊரின் கேம்ஸில் இருக்கும் பேர்போன கேபர் 19 அடி 9 அங்குல நீளம், 132 பவுண்டு, ஏறக்குறைய 60 கிலோ. புதியவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள், குட்டையானதும் இலேசானதும் இருக்கும். ஒரு முனை தடிமன், மற்றது மெல்லியது. மெல்லிய முனை தரையில் இருக்கும்படி இரண்டு பேர் நிமிர்த்தித் தருவார்கள். நீங்கள் குனிந்து, மரத்தைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் சாய்த்துக்கொண்டு, விரல்களைக் கோத்து அடியில் கொடுத்து எழ வேண்டும். எழுந்து, நிலைநிறுத்தி, ஓடி, சட்டென்று நின்று, கைகளை மேலே வீச வேண்டும். தடித்த முனை மண்ணில் குத்தி, மரம் தலைகீழாகப் புரண்டு, உங்களுக்கு நேர் எதிரே விழ வேண்டும். தூரத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. கடிகாரத்தில் 12 மணிக்கு நேராக விழுந்ததா என்றுதான் நடுவர் பார்ப்பார்.

இதில் ஆபத்தான நொடி எது என்று கேட்டால் பலரும் எறிகிற நொடி என்பார்கள். என் அனுபவத்தில் எழுகிற நொடிதான். கைகள் கோத்து, உள்ளங்கை மேல் நோக்கி, முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கிறது. பைசெப்ஸ் நாண் அறுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலை கிடையாது. கால் பலத்தால் எழாமல் முழங்கையை மடக்கிக் கையால் "கர்ல்" செய்து தூக்கினால் முடிந்தது கதை. கை கொக்கி மட்டும்தான், தூக்குவது தொடை. டெட்லிஃப்ட் தெரிந்த உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

அடுத்தது, மரம் உங்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போகிற நொடி. போகத்தான் செய்யும். முதல் மாதம் பத்தில் ஆறு முறை போகும். உச்சி ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் புதியவர்கள் அதைக் கட்டிப்பிடித்து நேராக்கப் பார்ப்பார்கள், அல்லது பின்னாலேயே தள்ளாடி ஓடுவார்கள். பதினைந்து அடி மரத்தின் உச்சி சாய்ந்த பிறகு அதை அடியிலிருந்து நிமிர்த்த மனிதரால் ஆகாது. விட்டுவிட வேண்டும். கையை எடுத்து, அது சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டடி எட்டு வைத்து விலக வேண்டும். உச்சி உங்கள் தலைக்கு மேலே பின்பக்கம் வருவதுதான் கெட்டது. பின்னால் சாய்ந்து நிற்பவர்களுக்குத்தான் அது நேரும். அதனால் முதல் நாள் உங்கள் நண்பரிடம் எறியக் கற்றுத் தரச் சொல்லாதீர்கள், விடக் கற்றுத் தரச் சொல்லுங்கள். எட்டுப் பத்தடி இலேசான கம்பு ஒன்றை வைத்து, இடம், வலம், முன், பின் என்று வேண்டுமென்றே சாயவிட்டு விலகுங்கள், நாலு பக்கமும் ஐந்தைந்து முறை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மனைவியையும் அன்றைக்கு அழைத்துப் போங்கள், அவர்கள் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். வட்டமான கழுத்துள்ள தடித்த பனியன் போடுங்கள், இல்லையென்றால் காறையெலும்பின் மேல் தோல் உரிந்து ஒரு வாரம் சட்டை போட முடியாது. அப்புறம் ஒன்று, இரவெல்லாம் மழையில் கிடந்த கேபர் காய்ந்ததைவிடக் கனமாக இருக்கும், வழுக்கவும் செய்யும்.

ஹாமர் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. அங்கேதான் உங்கள் இடுப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒலிம்பிக்கில் கம்பியில் கட்டிய குண்டோடு ஆள் சுழல்வாரே, இது அப்படி இல்லை. விறைப்பான நீளக் கோல், நுனியில் குண்டு. ஆண்களுக்கு 16 பவுண்டும் 22 பவுண்டும். காலை அசைக்கவே கூடாது. எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்ற இடத்திலேயே நின்று, குண்டைத் தலையைச் சுற்றி இரண்டு மூன்று வட்டம் விட்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் வீச வேண்டும். கால் நகராமல் இருக்கவென்றே பூட்ஸ் முனையில் ஒரு இரும்புத் தகட்டைப் பொருத்தி அதை மண்ணில் குத்திக்கொள்வார்கள். கால் மண்ணில் அறைந்தது மாதிரி நிற்கும்போது மேலே உடம்பு முறுக்கினால் அந்த முறுக்கு எங்கே போகும்? முழங்காலுக்கும் கீழ் முதுகுக்கும்தான். இந்த முதல் கோடைக்கு அந்தத் தகடு உங்களுக்கு வேண்டாம். சிலர் ஒரு தடவை கூட ஹாமரைத் தொடாமலே அதை வாங்கிவிடுகிறார்கள், வேட்டி கட்டத் தெரியாதவன் முதலில் பெல்ட் வாங்குகிற மாதிரி. கால் கொஞ்சம் வழுக்கினால் தூரம் குறையும், முழங்கால் பிழைக்கும்.

ஹாமரில் குண்டு இழுக்கும்போது எதிர்த்துச் சாய வேண்டியது இடுப்பிலிருந்து. புதியவர்கள் இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வில்லாக வளைப்பார்கள். வளைவும் முறுக்கும் ஒரே நேரத்தில் வந்தால் கீழ் முதுகுக்கு ஆகாது. 12 பவுண்டு ஹாமரில் தொடங்குங்கள். பெண்கள் போட்டியில் எறிவது அதுதான், மைதானத்தில் பெரும்பாலும் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயம், ஹாமரில் அடிபடக்கூடியவர் எறிபவர் மட்டும் இல்லை. கை வழுக்கினாலோ ஒரு கணம் முந்தி விட்டாலோ அது பக்கவாட்டில் போகும். பயிற்சியில் யார் ஹாமரைக் கையில் எடுத்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் விலகி, அவரையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிப் போனால் கயிற்றுக்கு வெளியே, மனைவி கையில்.

கல் எறிதல் ஷாட்புட் மாதிரிதான், அதிகம் பயப்பட வேண்டாம். ஆனால் ஆற்றுக்கல் ஷாட்புட் குண்டு போல ஒரே உருண்டையாக இருக்காது. கையில் அது எப்படி உட்காருகிறது என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஆள்காட்டி விரல் தனியாக மாட்டிக்கொண்டால் பிசகும். முள்கரண்டி போன்ற நீளக் கவையால் வைக்கோல் மூட்டையைக் குத்தி மேலே வீசும் போட்டி சில ஊர்களில் உண்டு. கவை முனையைக் காலுக்கு அருகே கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான்.

56 பவுண்டைக் குறுக்குக் கம்புக்கு மேலே வீசுவது வேறு கதை. கம்புக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கால்களுக்கு நடுவில் எடையை ஆட்டி, ஒற்றைக் கையால் தலைக்கு மேலே பின்னால் வீசுகிறீர்கள். சரியாகப் போகவில்லையென்றால் 25 கிலோ இரும்பு நேர் மேலே போய் நேர் கீழே வரும். கீழே நிற்பது நீங்கள். கைவிட்டதும் முன்னால் நடந்துவிட வேண்டும், போய்க்கொண்டே நிமிர்ந்து பார்க்க வேண்டும். நின்று அண்ணாந்து ரசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். உங்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கால்களுக்கு நடுவில் எடை பின்னால் போகிற அந்தக் கணத்தில் முதுகு கூனி, ஒரு பக்கமாகத் திரும்பியும் இருக்கும். ஜவ்வு பிதுங்கியவருக்கு நான் அஞ்சும் நிலை இதுதான். அதனால் இந்த முதல் கேம்ஸில் இதில் இறங்க வேண்டாம். 56 பவுண்டு தூர எறிதலும் வேண்டாம். நடுவரிடம் காலையிலேயே "இந்த இரண்டிலும் எறியவில்லை" என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் புள்ளிகள் போகும், போகட்டும்.

இடுப்பைப் பற்றி. அந்த ஸ்கேன் தாளை எடுத்து அலமாரியில் வையுங்கள். வலியே இல்லாத 30 வயதுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தால் பத்தில் நாலு பேருக்கு இதே பிதுக்கம் இருக்கும். பிதுக்கம் இருப்பதாலேயே எறியக் கூடாது என்பது இல்லை. இரண்டு வருடமாக வலி இல்லாமல் 150 கிலோ தூக்குகிறீர்கள் என்பது அந்தத் தாளைவிடப் பெரிய சாட்சி. ஆனால் டெட்லிஃப்டில் நீங்கள் முறுக்குவதில்லை, இரண்டு காலும் ஊன்றி நிற்கிறீர்கள். ஆகவே ஒரு சோதனை. 16 கிலோ கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒற்றைக் கையால் இருபது முறை வீசுங்கள், பக்கத்துக்கு மூன்று செட். அடுத்து, பக்கவாட்டுப் பிளாங்க், அதாவது ஒருக்களித்து முழங்கை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது, பக்கத்துக்கு 45 நொடி. இதெல்லாம் அன்றைக்குச் சுலபமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில்தான் முடிவு தெரியும். எழுந்து பல் விளக்கக் குனியும்போது இடுப்பு இறுகலாக இருக்கிறதா? அரை மணி நேரத்தில் விட்டுப்போனால் பரவாயில்லை. மதியம் வரை இருந்தால் ஏழு வாரம் போதாது, அடுத்த வருடம் பாருங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் மறுநாள் இதே அளவுகோல்தான்.

ஏழு வாரத்தை எப்படிக் கழிப்பது? வாரம் இரண்டு நாள் எறிதல் போதும், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. அந்த நாலு நாள் ஜிம்மை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். இரண்டையும் முழுசாகச் செய்கிறேன் என்று வருகிறவர்கள்தான் எனக்குப் பிழைப்புக் கொடுப்பவர்கள். முதல் இரண்டு வாரம் கையில் எடையே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஒரு துண்டை முறுக்கி நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு காலடி வைத்துச் சுழலப் பழகுங்கள். தூர எறிதல் என்பது முக்கால்வாசி காலடிதான். பிறகு 14 பவுண்டு, நாலாவது வாரம் வாக்கில் 28. முழுவேகத்தில் எறிவது ஒரு நாளைக்கு பதினைந்து இருபதைத் தாண்டக் கூடாது. நன்றாகப் போகிற நாளில்தான் "இன்னும் ஒன்று" என்று தோன்றும், அடிபடுவதும் அந்த இன்னும் ஒன்றில்தான். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கேம்ஸ் நாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கதி, அது மகா நீளமான நாள். ஐந்து முதல் எட்டுப் போட்டிகள், ஒவ்வொன்றிலும் மூன்று முறை. ஒரு எறிதலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து இருபது நிமிடம் நிற்பீர்கள். கோடை என்பது பேருக்குத்தான், 13 டிகிரி, தூறல், காற்று. நீங்களே பார்த்திருப்பீர்கள். காலையில் செய்த வார்ம்-அப் பதினொரு மணிக்கே ஆறிவிடும். கூடாரத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தவர்கள்தான். உங்கள் முறை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கோட்டைக் கழற்றி, இருபது உட்கார்ந்து எழுதல், நாலு மெதுவான சுழற்சி, ஒரு அரைவேக எறிதல் ஜாடை. இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கிற பழைய ஆட்கள் சும்மா கை கட்டி நிற்பார்கள், அவர்களைப் பார்க்காதீர்கள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, கை துடைக்க இரண்டு துண்டு. பீர் எல்லாம் முடிந்த பிறகு. வலிமாத்திரை போட்டுக்கொண்டு எறிவதும் கூடாது, வலி சொல்ல வருவதைக் கேட்காமல் வாயைப் பொத்துகிற வேலை அது.

இந்த மூன்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் முதலில் அங்குள்ள ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) பேசுங்கள். சிகரெட் பிடிப்பவரா? பைசெப்ஸ் நாண் அறுபவர்களில் புகைப்பவர்கள் நிறைய. அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? நம் ஊரில் வயிற்றுப்போக்குக்குக்கூட அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அது நாண்களைப் பலவீனமாக்கும், சாப்பிட்டு முடித்து மாதங்கள் கழித்தும் அறுந்தவர்கள் உண்டு. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா? மூச்சை அடக்கிக் கேபரைத் தூக்கும்போது அழுத்தம் எகிறும்.

அடிபட்டால்? முழங்கையில் "டப்" சத்தம், மடிப்பில் நீலம் பாரித்தல், உருண்டை மேலே ஏறுதல், பாட்டில் மூடியைத் திருகும்போது பலம் இல்லாமை. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அறுந்த நாணை முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பது சுலபம், அதற்கு மேல் போனால் நாண் சுருங்கி, தசையோடு ஒட்டி, வேலை கடினமாகிவிடும். வலி அவ்வளவாக இல்லை என்று ஏமாறாதீர்கள். இடுப்பு பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் படுக்கையே வேண்டாம், மெல்ல நடந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். ஆனால் இரண்டு காலிலும் வலியோ மரமரப்போ, சைக்கிள் சீட் படுகிற இடத்தில் உணர்ச்சி இல்லாமை, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது இருந்தால் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

ஊரிலிருந்து யாராவது போனில் "எண்ணெய் போட்டு உருவி சுளுக்கு எடு" என்பார்கள். அடிபட்ட முதல் மூன்று நாலு நாள் உருவவே கூடாது. உள்ளே கசியும் ரத்தம் இன்னும் கசியும். சுளுக்கு எடுக்கிற பாட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் பாட்டியும் அதில் கைதேர்ந்தவர். அறுந்த நாணுக்கு அவரிடம் மருந்து இல்லை.

இளவட்டக்கல் என்றதும் உங்கள் நண்பர் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஸ்காட்லாந்திலும் அதே பழக்கம் இருந்தது. வாலிபன் ஆகிவிட்டான் என்று காட்ட ஒரு கல்லை இடுப்பு உயரச் சுவரில் தூக்கி வைக்கச் சொல்வார்கள், கிளாக் குட் ஃபிர் என்று பெயர். அபர்டீன்ஷயரில் போட்டார்க் பாலத்தருகே டின்னி கற்கள் என்று இரண்டு இருக்கின்றன. டொனால்ட் டின்னி என்ற பயில்வான் 1860-இல் இரண்டையும் சேர்த்துப் பாலத்தின் அகலத்துக்குச் சுமந்து போனாராம். மொத்தம் 332 கிலோ. நண்பர் ஒருநாள் அங்கே அழைத்துப் போவார், "தொட்டுப் பாரேன்" என்பார். தொட்டுப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். தாத்தா கல்லைத் தூக்கியது ஊரில் பல வருடம் வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்போடு. உங்களுடையது நாள் முழுதும் நாற்காலியில் இருந்துவிட்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போகிற உடம்பு.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். பயிற்சி தொடங்கும் முன் அங்குள்ள ஒரு பிசியோவை ஒருமுறை பாருங்கள். குனிந்து, முறுக்கி, ஒற்றைக் காலில் நின்று காட்டுங்கள். எறிதலுக்குப் போகிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் அதைக் கேட்டு முகம் சுளிக்கிற பிசியோவை நான் பார்த்ததில்லை, பாதிப் பேருக்கு மாமனோ மச்சானோ எறிகிறவராக இருப்பார்.

கில்ட்: போட்டியில் கட்டத்தான் வேண்டும், பயிற்சிக்கு வேண்டாம். உள்ளே தொடை வரை இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், யார் என்ன பழமை பேசினாலும் சரி. சொந்தமாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். முதல் தடவைக்கு நண்பரிடமே இரவல் கேளுங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருமுறை முழுசாகக் குந்தி எழுந்து பாருங்கள். மூச்சு முட்டினால் ஒரு துளை தளர்த்துங்கள்.